கணினிக்கும் பெரட்டு உண்டு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் பெரட்டு என்றால் என்னவென்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இருள் பிரியும் முன்பே பெரட்டுக் களத்தில் வரிசை கூடிவிடும். கிராணி செக்ரோலைப் பிரித்துப் பெயர் வாசிப்பார். பெயர் கேட்டவர் குரல் கொடுப்பார். இன்னாருக்கு இந்த நிரை, இன்னாருக்குப் புல் வெட்டு, இன்னாருக்கு மருந்து அடிப்பு என்று அன்றைய உத்தரவு பிரித்துக் கொடுக்கப்படும். துரை ஒவ்வொரு லயமாக நடந்து வந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று வேலை சொல்வதில்லை. ஓரிடத்திலிருந்து சொன்னது முந்நூறு பேருக்கும் போய்ச் சேர்கிறது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அலுவலகக் கணினி. ஆனால் இந்தப் பெரட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பாதி விஷயம் அதிலேயே விளங்கிவிடும்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதற்குப் பின் மூன்று நான்கு தலைமுறை நமக்குத் தெரிந்த வேலை பால்மரமும் செம்பனையுமாகவே இருந்தது. 1970-களில் பத்து பெரண்டாமில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது தோட்டத்துப் பெண்களும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். இப்பொழுது பிள்ளைகள் புக்கிட் பெருவாங்கில் இருக்கும் மல்டிமீடியா பல்கலைக்கழகத்திலும், டுரியான் துங்கலில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், பாலிடெக்னிக்கிலும் படித்துவிட்டு, ஆயர் குரோவிலும் மலாக்கா பட்டணத்திலும் அலுவலக மேசைக்கு முன் உட்காருகிறார்கள். முதல் மாதமே வீட்டுக்கு வந்து ஒரு குறை சொல்வார்கள். "அந்தக் கணினியில் ஒன்றையும் மாற்ற முடியவில்லை அம்மா. திரையில் இருக்கும் படத்தைக்கூட மாற்ற விடமாட்டேன் என்கிறது."

பிள்ளை சொல்வது உண்மைதான். அந்த மேசையில் இருக்கும் கணினி அந்தப் பிள்ளையின் சொந்தக் கணினி அல்ல. அது பெரட்டில் நிற்கும் ஓர் ஆள். அதற்கு உத்தரவு வேறோர் இடத்திலிருந்து வருகிறது.

ஓர் அலுவலகத்தில் ஐம்பது கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடவுச்சொல் எத்தனை எழுத்து இருக்கவேண்டும், எந்த அச்சுப்பொறி யாருக்கு, சம்பளக் கணக்குக் கோப்பு யார் கண்ணில் படலாம், பத்து நிமிடம் தொடாமல் இருந்தால் திரை பூட்டிக்கொள்ள வேண்டுமா என்பவற்றையெல்லாம் ஐம்பது மேசைக்கும் போய் ஒவ்வொன்றாக அமைப்பது ஆகிற காரியமில்லை. ஆகையால் ஒரு தலைமைக் கணினியை நிறுத்தி வைக்கிறார்கள். அதற்கு டொமைன் கண்ட்ரோலர் என்று பெயர். அதனிடம் ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. பெயர் ஆக்டிவ் டைரக்டரி. எந்த ஆள் எந்தப் பிரிவு, எந்தக் கணினி எந்தப் பிரிவு என்று அதில் பதிந்திருக்கும். நம் கணக்கில் அதுதான் செக்ரோல். அந்தப் பேரேட்டைப் பார்த்துப் பிரிவுவாரியாக அனுப்பப்படும் உத்தரவுகளுக்குக் குரூப் பாலிசி என்று பெயர். நாம் இங்கே விதி என்றே சொல்லிக்கொள்வோம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இந்த ஏற்பாட்டை விண்டோஸ் 2000 உடன் கொண்டுவந்தது. அது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் வெளியானது. அதற்கு முன் விண்டோஸ் என்டி காலத்திலும் ஒருவகை விதி முறை இருந்தது. அதில் ஒரு தொல்லை: விதியை எடுத்துவிட்டாலும் அதன் அடையாளம் கணினியில் தங்கிவிடும். கத்தி ஆழமாக இறங்கிய பால்மரத்தில் பட்டை மீண்டு வளர்ந்தாலும் முடிச்சு நின்றுவிடுகிறதல்லவா, அதுபோல. புதிய முறையில் பெரும்பாலான விதிகள் எடுத்தவுடன் தடம் இல்லாமல் நீங்கிவிடும். எல்லாமும் அப்படி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இனி, உத்தரவு எப்பொழுது வந்து சேர்கிறது என்று பார்ப்போம். விதிகள் இரண்டு பாதி. ஒரு பாதி கணினிக்கு உரியது. இன்னொரு பாதி ஆளுக்கு உரியது. கணினியைத் திறந்தவுடன் அது தலைமையிடம் போய்த் தன் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பிறகு ஆள் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி உள்ளே நுழையும்போது அவருடைய பாதி வரும். தோட்டத்தில் பெரட்டு காலையில் ஒருமுறைதான். இங்கே அப்படி இல்லை. 90 நிமிடத்துக்கு ஒருமுறை கணினி மறுபடியும் போய், புது உத்தரவு ஏதும் உண்டா என்று கேட்கும். சரியாக 90 நிமிடத்தில் எல்லாக் கணினியும் ஒன்றாகப் போனால் தலைமைக் கணினி திணறிப் போகும். ஆகவே ஒவ்வொன்றும் 0 முதல் 30 நிமிடம் வரை ஏதோ ஓர் அளவு கூட்டிக்கொண்டு முன்பின்னாகப் போகும்படி வைத்திருக்கிறார்கள். லயத்துத் தண்ணீர்க் குழாயில் எல்லாரும் ஒரே நேரத்தில் குடம் வைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

இதனால் விளையும் குழப்பம் ஒன்று. காலை ஒன்பது மணிக்கு அதிகாரி விதியை மாற்றுகிறார். பக்கத்து மேசைக்கு ஒன்பதரைக்கே வந்துவிடுகிறது. நம் மேசைக்குப் பத்தே முக்கால் ஆகியும் வரவில்லை. உடனே கணினி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். பொறுக்க முடியாதபோது ஜிபிஅப்டேட் என்னும் கட்டளையைக் கொடுத்து அப்பொழுதே போய்க் கேட்கச் செய்யலாம். இன்னும் சில விதிகள், புது மென்பொருளை நிறுவுவது போன்றவை, கணினியை மூடித் திறக்கும்போது மட்டுமே நடக்கும். அதிலும் இப்பொழுதுள்ள விண்டோஸ், ஆளைச் சீக்கிரம் உள்ளே விடவேண்டும் என்ற அவசரத்தில், வலைத்தொடர்பு வந்து சேரும்வரை காத்திருப்பதில்லை. அதனால் இரண்டாம் முறை திறந்த பிறகே சில மாற்றங்கள் தெரியும். "இரண்டு தரம் மூடித் திற, சரியாகிவிடும்" என்று அலுவலகத்தில் பெரியவர்கள் சொல்வது மந்திரம் அல்ல. அதற்குள் இந்தக் காரணம் இருக்கிறது.

அடுத்தது, பல இடத்திலிருந்து உத்தரவு வந்தால் எது செல்லும் என்ற கேள்வி. தோட்டத்தில் இதற்குப் பதில் எளிது. மண்டோர் ஒன்று சொல்லித் துரை வேறொன்று சொன்னால் துரை சொன்னதுதான் நிற்கும். துரைக்கு மேல் கம்பெனி. 2007-ஆம் ஆண்டில் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் ஒன்றாக இணைந்தபோது, தோட்டத்தில் பார்த்த முகங்கள் மாறாமலே மேலே தலைமை மாறியது. அந்தத் தோட்டக் கம்பெனி 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. உத்தரவு எத்தனை அடுக்குகளைத் தாண்டி வருகிறது என்பது நாம் கண்டதுதான்.

கணினி விதியிலும் அடுக்குகள் உண்டு. முதலில் அந்தக் கணினியிலேயே எழுதிய விதி. அடுத்து அது இருக்கும் இடத்துக்கான விதி. பிறகு நிறுவனம் முழுமைக்குமான விதி. கடைசியாக அந்தப் பிரிவுக்கான விதி. இந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படும். ஒரே விஷயத்தில் இரண்டு விதி மோதினால் கடைசியில் வாசித்ததே செல்லும். அதாவது, துரை சொன்னதற்கு மேல் மண்டோர் சொன்னது நிற்கும்! கேட்க விநோதமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் உண்டு. பிரிவின் தேவை அருகில் இருப்பவருக்குத்தான் தெரியும். தலைமை, "இதை யாரும் மாற்றக் கூடாது" என்று நினைத்தால், அந்த விதிக்குக் கட்டாய முத்திரை ஒன்றைக் குத்தி அனுப்பலாம். அப்பொழுது கீழே எவர் எதைச் சொன்னாலும் அது செல்லாது. பிரிவுக்காரர், மேலிருந்து வருவதே வேண்டாம் என்று கதவை அடைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் முத்திரை குத்திய விதிக்கு அந்தக் கதவு தானே திறந்துகொள்ளும்.

எங்கள் அனுபவத்தில், முத்திரையையும் அடைப்பையும் தாராளமாகப் பயன்படுத்திய அலுவலகங்களில்தான் சிக்கல் அதிகம். இரண்டையும் எப்பொழுதாவது, காரணத்தை எழுதி வைத்துவிட்டுச் செய்யவேண்டும்.

இனி எங்களுக்குத் தெரிந்த ஒரு சம்பவம். ஊரையும் அலுவலகத்தையும் சொல்லப் போவதில்லை. ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த பெண். அப்பா பால்வெட்டி ஓய்ந்தவர். பெண் பட்டணத்து அலுவலகம் ஒன்றில் இரண்டு ஆண்டு ஸ்டோர் பிரிவில் இருந்தாள்; வேலையில் கெட்டிக்காரி என்று கணக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். மாற்றிய இரண்டாம் வாரம் கோயில் திருவிழாவில் அப்பாவைப் பார்த்தோம். முகம் சரியில்லை. "பிள்ளைக்கு வேலை போய்விடும் போலிருக்கிறது ஐயா. கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டாள் என்கிறார்கள்" என்றார்.

விசாரித்தால் விஷயம் இது. கணக்குப் பிரிவில் மற்ற நால்வர் கணினியிலும் சம்பளக் கோப்புகள் இருக்கும் பொது அறை தெரிகிறது. கணக்குப் பிரிவு அச்சுப்பொறியும் தெரிகிறது. இந்தப் பெண்ணுக்கு மட்டும் இரண்டும் தெரியவில்லை. தேதி 13. தொழிலாளர்களின் கேடபள்யூஎஸ்பி சேமநிதிச் சந்தாவும் பெர்க்கெசோ சந்தாவும் மறு மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு இவளுடையது. வயரை மாற்றினார்கள். விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினார்கள், அதுவும் இரண்டு முறை. முடிவில் கணினி பார்க்கும் தம்பி, "அக்காவை நிர்வாகி ஆக்கிவிட்டால் எல்லாம் திறந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேலதிகாரி, இந்தப் பெண் எதையோ தட்டியதால்தான் இவ்வளவும் என்று எழுதியே வைத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு கேள்விகள் கேட்டோம். இந்தப் பெண் வேறொரு மேசையில் தன் பெயரைத் தட்டி நுழைந்தால் அங்கே அறை தெரிகிறதா? தெரியவில்லை. வேறொருவர் இந்தப் பெண்ணின் கணினியில் தம் பெயரில் நுழைந்தால்? அவருக்குத் தெரிகிறது. அப்படியானால் கோளாறு கணினியில் இல்லை. அது அந்தப் பெண்ணின் பெயரோடு மேசைக்கு மேசை நடக்கிறது. இரண்டு முறை அழித்து நிறுவிய உழைப்பு அத்தனையும் வீண். வலி வயிற்றில் இருக்க, காலுக்கு எண்ணெய் தடவிய கதை.

பிறகு ஜிபிரிசல்ட் என்னும் கட்டளையைக் கொடுத்தோம். இந்த ஆளுக்கு எந்தெந்த விதி வந்தது, எது ஏன் வரவில்லை, பேரேட்டில் இவர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பதையெல்லாம் அது ஒரு பட்டியலாகக் கொடுக்கும். பட்டியலின் தொடக்கத்திலேயே விடை இருந்தது. பேரேட்டில் அவள் இன்னும் ஸ்டோர் பிரிவில்தான் இருந்தாள். ஆள் மாடியில் கணக்குப் பிரிவு நாற்காலியில். பெயர் கீழே ஸ்டோர் செக்ரோலில். இரண்டாம் டிவிஷனுக்கு மாற்றிய ஆளின் பெயரை முதல் டிவிஷன் செக்ரோலிலேயே விட்டுவிட்டால், இரண்டாம் டிவிஷன் பெரட்டில் அவர் எத்தனை நாள் நின்றாலும் பெயர் வாசிக்க மாட்டார்கள் அல்லவா? அதேதான். பேரேட்டில் பெயரைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றி, கணக்குப் பிரிவுக் குழுவிலும் சேர்த்து, அவளை வெளியேறி மறுபடி நுழையச் சொன்னோம். அறை வந்தது. அச்சுப்பொறி வந்தது. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்.

அவளை நிர்வாகி ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அறை அப்பொழுதும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கணினியில் எதையும் நிறுவும் அதிகாரம் அவள் பெயருக்கு வந்திருக்கும். நாளைக்கு ஒரு கள்ளக் கடிதத்தை அவள் தெரியாமல் திறந்தால், உள்ளே வரும் திருடனுக்கும் அதே அதிகாரம் கிடைக்கும். நோய் தீராமல் வேறொரு நோய்.

அந்த அறையில் இருப்பது என்ன என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், சேமநிதி எண், சம்பளத் தொகை. நம் அப்பா அம்மாவைப் போன்றவர்களின் விவரங்கள். இவற்றைக் காப்பது முதலாளியின் கடமை என்று 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது; அது 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஸ்டோரில் இருப்பவர் கண்ணில் சம்பளக் கோப்பு படக்கூடாது என்ற விதி சரியான விதிதான். அது தன் வேலையைத்தான் செய்தது. தவறு பேரேட்டில்.

ஆள்மேல் கோளாறு இல்லை, கணினியில்தான் என்று தெரிந்தால் பார்க்கவேண்டியவை வேறு. முதலாவது வழி. தலைமைக் கணினி எங்கே இருக்கிறது என்று கணினி எப்படித் தெரிந்துகொள்கிறது? டிஎன்எஸ் என்னும் முகவரி ஏட்டைக் கேட்டுத்தான். அலுவலகத்தின் உள் முகவரிகள் அலுவலகத்தின் சொந்த ஏட்டில் மட்டும் இருக்கும். யாரோ ஒருவர், இணையம் வேகமாக வரட்டும் என்று, கூகுளின் 8.8.8.8 போன்ற பொது ஏட்டைப் போட்டு வைத்துவிடுவார். செய்தித்தாள் திறக்கும், படம் ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். தலைமைக் கணினியின் முகவரி மட்டும் கிடைக்காது. விதி வந்து சேராது. தபால்காரரைப் பிடித்து, மூன்றாம் லயத்து முனியம்மாவின் வீடு எது என்று பட்டணத்தில் கேட்பது போன்றது இது. தோட்டத்துக்குள் கேட்டால் குழந்தைகூடக் காட்டும். இந்தக் கோளாற்றை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்; இணையம் ஓடுகிறது என்ற காரணத்தாலேயே கடைசியில்தான் சந்தேகப்படுகிறார்கள்.

இரண்டாவது, கடிகாரம். கணினியின் மணியும் தலைமையின் மணியும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், கொடுக்கும் அடையாளச் சீட்டைத் தலைமை ஏற்காது. பழைய சீட்டைத் திருடி வைத்துக்கொண்டு ஒருவன் பிறகு வரக்கூடாது என்பதற்காக வைத்த காவல் அது.

மூன்றாவது, தொலைவு. செம்பனைக் காட்டின் நடுவே இருக்கும் அலுவலகத்துக்குத் தொடர்பு மெதுவாக வரும். வினாடிக்கு 500 கிலோபிட்டுக்குக் கீழே போனால் விண்டோஸ் அதை மெதுவான வழி என்று கணித்து, பாதுகாப்பு விதிகளைத் தவறாமல் வாங்கிக்கொண்டு, மென்பொருள் நிறுவுவது போன்ற கனமான சுமைகளை விட்டுவிடும். பட்டணத்துக் கிளைக்கு வந்த புது மென்பொருள் தோட்டத்து அலுவலகத்துக்கு மட்டும் வரவில்லை என்றால் அங்கேயுள்ள கிராணியைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

சில வேளைகளில் எவர் தவறும் இல்லாமலே விதி நின்றுபோவதுண்டு. 2016-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் நடந்தது அப்படி. மைக்ரோசாஃப்ட் அன்று வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை நிறுவிய பின், உலகின் பல அலுவலகங்களில் பொது அறைகள் மறைந்தன, அச்சுப்பொறிகள் மறைந்தன, மறைத்து வைத்திருந்தவை வெளியே தெரிந்தன. யாரும் ஒரு விதியையும் தொடவில்லை. காரணத்தைத் தோட்டத்து வழக்கில் சொல்கிறோம். அதுவரை ஆளுக்குரிய உத்தரவுக் கடிதத்தை ஆளே நேரில் போய் ஆபீசில் வாங்கி வந்தார். வழியில் யாரேனும் மறித்துக் கடிதத்தை மாற்றிவிடலாம் என்று கண்டுபிடித்து, இனி ஆளுக்காகக் கணினியே போய் வாங்கி வரட்டும் என்று முறையை மாற்றினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சில அலுவலகங்களில் கடிதம் கொடுக்கும் மேசையில் இருந்த பட்டியலில் ஆட்களின் பெயர் மட்டும் இருந்தது. கணினிகளின் பெயர் இல்லை. கணினி போய் நின்றது. பட்டியலில் நீ இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரிகாரம் எளிது: அந்தக் கடிதத்தைப் படிக்கும் உரிமையைக் கணினிகளுக்கும் எழுதிக் கொடுப்பது. அதைக் கண்டுபிடிக்கும்வரை பல அதிகாரிகள் அந்தத் திருத்தத்தையே பிடுங்கி எறிந்தார்கள். கதவு மறுபடியும் திறந்து கிடந்தது.

கதவு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. விண்டோஸ் சர்வர் 2008 வந்த பிறகு, எல்லாக் கணினிக்கும் நிர்வாகிக் கடவுச்சொல்லை விதி மூலமாகவே அனுப்பும் வசதி கிடைத்தது. அந்தக் கடவுச்சொல் பூட்டிய எழுத்தில் ஒரு கோப்பில் கிடந்தது. அலுவலகத்தில் கணக்கு உள்ள எவரும் அந்தக் கோப்பைப் படிக்கலாம். பூட்டுக்குச் சாவியோ மைக்ரோசாஃப்டின் சொந்த விளக்கப் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது! பெரிய பங்களாவின் சாவியைப் பெரட்டுக் களத்துத் தூணில் மாட்டி வைத்தது போல. 2014 மே மாதத்தில் இந்த வசதியை நிறுத்தினார்கள். ஆனால் முன்பே எழுதி வைத்த கோப்புகளை அந்தத் திருத்தம் அழிக்கவில்லை. அவற்றை ஆளே தேடி அழிக்க வேண்டும். 2015-இல் லாப்ஸ் என்னும் வேறு வசதி வந்தது. அது ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லைத் தானே வைத்துத் தானே மாற்றும்.

ஓரிடத்திலிருந்து ஐம்பது கணினிக்கும் உத்தரவு போகும் என்றால், அந்த ஓரிடம் கள்ளன் கையில் சிக்கினால் ஐம்பதும் போகும். 2021-இல் லாக்பிட் 2.0 என்னும் பிணைப்பணக் கும்பலின் நிரல் இதைத்தான் செய்தது. தலைமைக் கணினியைப் பிடித்து, குரூப் பாலிசி வழியாகவே, காவல் மென்பொருளை நிறுத்து என்றும், கோப்புகளைப் பூட்டும் நிரலை ஓட்டு என்றும் எல்லாக் கணினிக்கும் உத்தரவு கொடுத்தது. கணினிகள் கீழ்ப்படிந்தன. கீழ்ப்படிவதற்குத்தானே அவற்றைப் பழக்கியிருக்கிறோம். ஆகவே விதி எழுதும் உரிமை எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததே. இரண்டு மூன்று பேருக்கு மேல் இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

கள்ளன் இல்லாமலும் ஆபத்து உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பில் பிழை இருந்தது. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. உலகெங்கும் விமானப் பயணிகள் வரிசையில் நின்றார்கள். அது குரூப் பாலிசி அல்ல. ஆனால் ஓரிடத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதன் விளைவு. தோட்டத்தில் புது மருந்து ஒன்று வந்தால் முதலில் சில நிரைகளில் தடவி, மரம் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற நிரைகளுக்குப் போவார்கள். விதியும் அப்படித்தான். முதல் வாரம் கணினி பார்ப்பவரின் சொந்தக் கணினிக்கும், பிரிவுக்கு ஒன்றாக வேறு சிலவற்றுக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு எல்லாருக்கும் கொடுப்பது. மாற்றிய தேதியையும் காரணத்தையும் ஒரு புத்தகத்தில் எழுதி வைப்பது. பழைய விதிகளின் நகலை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துவது. எழுதி வைக்கும் பழக்கம் தோட்டத்துக் கிராணிகளிடம் இருந்த அளவுக்குக் கணினி அறைகளில் இல்லை என்பது எங்கள் எண்ணம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கணினி பார்ப்பவராக இல்லாமல், மேசைக்கு முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என்ன செய்யலாம்? கணினி பார்ப்பவரை அழைக்கும் முன் சிலவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளலாம். எப்பொழுதிலிருந்து இப்படி? எனக்கு மட்டுமா, பக்கத்து மேசைக்குமா? பக்கத்து மேசையில் என் பெயரில் நுழைந்தால் எப்படி இருக்கிறது? அண்மையில் எனக்குப் பிரிவு மாற்றமோ, பெயர் மாற்றமோ, மேசை மாற்றமோ நடந்ததா? திரையில் வந்த வாசகம் எழுத்துக்கு எழுத்து என்ன? கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். மேலதிகாரி கேட்டாலும், உதவிக்கு வந்தவர் கேட்டாலும், "நானே தட்டுகிறேன் அண்ணே" என்று சொல்லிவிடலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்ணின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 14-ஆம் தேதி மாலைக்குள் பட்டியல் முடிந்து சந்தா கட்டப்பட்டது. மேலதிகாரி எழுதி வைத்திருந்த குறிப்பை எடுத்துவிடும்படி அவள் கேட்டாள். இரண்டு நாள் தயங்கிவிட்டு எடுத்தார். ஜிபிரிசல்ட் கொடுத்த பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்ததால்தான் அவளால் அதைக் கேட்க முடிந்தது. அந்த அலுவலகத்தில் ஆள் மாற்றும்போது நிரப்பும் படிவத்தில் இப்பொழுது ஒரு வரி கூடியிருக்கிறது: பேரேட்டில் பெயர் புதிய பிரிவுக்கு மாற்றப்பட்டதா, மாற்றியவர் கையொப்பம், தேதி. முதல் மாதம் அந்த வரியை நிரப்பாமல் மூன்று படிவங்கள் வந்தனவாம். மூன்றையும் அந்தப் பெண்ணே திருப்பி அனுப்பினாளாம்.